மோட்டார் ரூம் சுவரில் கரிக்கோடு

ஊதியூர் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தாராபுரத்தில் உடம்பு முடியாமல் இருந்த ஒரம்பரை, அதாவது உறவுக்காரர் ஒருவரைப் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு காங்கயத்திலிருந்து கிளம்பியிருந்தேன்.

வண்டி சரியில்லை என்பது அதற்கு ஒரு வாரம் முன்பே தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி முன்பக்கத்தில் கடகடவென்று ஒரு சத்தம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் நடுக்கம். மூன்றாவது கியரில் மிதித்தால் பிக்கப் சட்டென்று வராது. ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது எந்த வண்டியும் கொஞ்சம் திணறத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் காற்றாலை இறக்கைகள் ஓயாமல் சுற்றும், கார்க் கதவைத் திறந்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

அப்பா விளக்கைப் பார்த்தார். "எண்ணெ எப்ப சாமி மாத்துனே?" என்று கேட்டார்.

கதவு ஓரத்தில் சர்வீஸ் ஸ்டிக்கர் இருந்தது. 53,400-ல் மாற்றியது, அடுத்தது 63,400. மீட்டரில் 62,900. "இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் இருக்குதுங்கப்பா" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு கேள்வியில் கோளாறின் வேரே இருந்தது என்று எனக்குப் புரிய நாலு நாள் ஆனது.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். சத்தத்தைக் கேட்டார்கள், விளக்கைப் பார்த்தார்கள். இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது மாட்டியிருக்கும் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்படி மாற்ற வேண்டிய வண்டிகளும் உண்டு. ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் கோளாறுக் கோட் கூடப் படிக்காமல் அந்தத் தொகையைச் சொன்னதுதான் என்னை வீட்டுக்குத் திருப்பியது.

எங்கள் வீட்டில் ஒரு ஓபிடி கருவி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் செருகினால் போனில் கோட் வரும். பி0011 என்று வந்தது. காற்று வரும் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான இன்டேக் கேம் ஷாஃப்ட், கம்ப்யூட்டர் நிற்கச் சொன்ன இடத்தைவிட முன்னால் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். இது நோயின் பெயர் கிடையாது, அறிகுறியின் பெயர். எண்ணெய் குறைந்தாலும் இந்தக் கோட் வரும், எண்ணெய் கெட்டாலும் வரும், ஆயில் கண்ட்ரோல் வால்வு சிக்கினாலும் வரும், கேமின் தலையில் இருக்கும் பேஸர் கெட்டாலும் வரும், செயின் விஷயத்திலும் வரலாம். இந்த வரிசையில் முதல் மூன்றையும் சில ஆயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். விலை குறைந்ததிலிருந்து ஏறிப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "கேம் எதுக்குப்பா முன்னாடி பின்னாடி போகணும்? ஒரே இடத்துல இருந்தா ஆகாதா?" என்றாள். பல வருஷம் இன்ஜின்களில் அது ஒரே இடத்தில்தான் இருந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அதில் எந்த நொடியில் வால்வு திறக்க வேண்டும் என்பது இரண்டையும் இணைக்கும் செயினைப் பூட்டும்போதே முடிவாகிவிடும். ஆனால் நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்கு ஒரு நேரம் பொருத்தமாக இருக்கும், மேடு ஏறும்போது வேறு நேரம், வேகமாகச் சுற்றும்போது இன்னொரு நேரம். அதனால்தான் ஓடும்போதே கேமைச் சில டிகிரி திருப்பும் ஏற்பாடு வந்தது. தயாரிப்புக் காரில் இதை முதலில் கொண்டுவந்தது 1980-ல் ஆல்ஃபா ரோமியோ. இன்றைக்கு நம் ஊரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களிலேயே பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது.

அதைத் திருப்புவது எது என்று அடுத்த கேள்வி. இதற்குத் தோட்டத்தைக் காட்டித்தான் சொல்ல முடிந்தது.

பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பிஏபி) வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது எங்கள் தோட்டத்துக்குள் ஒரு கிளை வாய்க்காலாக வரும். ஓரிடத்தில் மடை. இந்தப் பக்கம் வெட்டிவிட்டால் மேல் பாத்தி நனையும், அந்தப் பக்கம் வெட்டிவிட்டால் கீழ்ப் பாத்தி. ஆள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவதில்லை. மண்வெட்டியால் வழியை மட்டும் மாற்றுகிறார், போகிற வேலையைத் தண்ணீரின் வேகமே செய்துகொள்கிறது. கேமின் நுனியில் இருக்கும் பேஸருக்குள்ளும் இப்படித்தான். நடுவில் இறக்கை வைத்த ஒரு சக்கரம், ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். ஒரு பக்க அறையில் எண்ணெய் அழுத்தம் ஏறினால் கேம் முன்னால் திரும்பும், மறுபக்க அறையில் ஏறினால் பின்னால் வரும். எந்தப் பக்கம் எண்ணெய் போக வேண்டும் என்று மடை திருப்புவதுதான் ஆயில் கண்ட்ரோல் வால்வு. ஒரு காயில், அதற்குள் ஒரு அச்சு, அச்சைத் திருப்பித் தள்ள ஒரு ஸ்பிரிங். கம்ப்யூட்டர் காயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து அந்த அச்சை இழுக்கிறது.

"அப்ப எண்ணெய்தான் கேமைத் திருப்புதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சொன்ன பிறகு நானே கொஞ்ச நேரம் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் உராய்வைக் குறைப்பது, சூட்டை எடுப்பது என்றே இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். இந்த இன்ஜினில் அது கை கால் மாதிரி வேலை செய்கிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓடும்போது கேம் விநாடிக்கு 25 முறை சுற்றுகிறது, அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பிடித்து நகர்த்துவது வெறும் எண்ணெய்.

வாய்க்காலில் சேறு வந்தால் மடை என்னவாகும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை பொழுதோட இரண்டு சோதனை செய்தேன். முதலில் ஆயில் ஸ்டிக். அளவு கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே இருந்தது. விரலில் தேய்த்தால் கருப்பாக, கொழகொழவென்று இருந்தது. இதைப் பார்க்காமல் நேராக வால்வுக்குப் போவது தப்பு. எண்ணெய் குறைந்து அழுத்தம் வராவிட்டால் நல்ல வால்வும் வேலை செய்யாது. அளவுக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், நடுக்கம் அப்படியே இருந்தது.

இரண்டாவது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வின் இரண்டு முனைச் சாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கவனிப்பது. சாக்கெட்டை எடுத்துவிட்டால் காயிலுக்கு மின்சாரம் நின்றுவிடும், ஸ்பிரிங் அச்சைத் தள்ளும், கேம் பின்னால் வந்து தன் இடத்தில் பூட்டிக்கொள்ளும். கோளாறு மின்சாரக் கட்டளையில் இருந்தால் இப்போது நடுக்கம் குறைய வேண்டும். குறையவில்லை. அதாவது அச்சு எங்கேயோ சிக்கி நிற்கிறது, அல்லது பேஸரே நகரவில்லை. கழற்றிய சாக்கெட்டுக்குள் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன். சில வண்டிகளில் வால்வு வழியாக எண்ணெய் ஒயருக்குள்ளேயே ஏறிவிடும், அப்படி இருந்தால் வேலை பெரிசு. நல்லவேளை, காய்ந்துதான் இருந்தது.

இன்டேக் கேம் முன்னால் தள்ளியே நின்றுவிட்டால் நின்ற இடத்தில் வண்டி ஏன் நடுங்குகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகை போகும் வால்வு மூடுவதற்குள் காற்று வரும் வால்வு திறந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் இரண்டும் திறந்திருக்கும். வேகத்தில் இது நல்லதுதான். ஐட்லிங்கில் எரிந்த புகை காற்று வரும் குழாய்க்குள் திரும்பிப் போய் அடுத்த முறை உள்ளே வரும் கலவையைக் கெடுத்துவிடும். ஒரு சிலிண்டர் எரியும், அடுத்தது சரியாக எரியாது. ஸ்டீயரிங்கில் நான் உணர்ந்தது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். அதற்கு இரண்டு காரணம். இரவு முழுக்க நின்ற இன்ஜின் சில்லென்று இருக்கும், கை வைக்கலாம். ஆடியில் பொழுது ஏற ஏறக் காற்று ஏறும், காற்றோடு புழுதியும் வரும். இன்ஜின் தலையில் ஒரு துளையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் புழுதியில் நிற்க முடியாது. அதனால் வண்டியைப் பழைய கட்டுத்தரைக் கொட்டகைக்குள் ஏற்றி, காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினேன். மகள் டார்ச் பிடித்தாள். அப்பா கயிற்றுக் கட்டிலைக் கொட்டகை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

என் வண்டியில் வால்வு இன்ஜின் தலையின் ஓரத்தில், டைமிங் கவர் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். வால்வைச் சுற்றி இருந்த மண்ணையும் பிசுக்கையும் முதலில் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். கழற்றிய பிறகு சுத்தம் செய்தால் அத்தனையும் உள்ளேதான் விழும். வால்வைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 10-ம் நம்பர் போல்ட். அது சுலபமாக வந்துவிட்டது. வால்வு வரவில்லை.

இந்த இடத்தில்தான் பல பேர் ஸ்குரூ டிரைவரை உள்ளே கொடுத்து நெம்புவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இன்ஜின் தலை அலுமினியம். விளிம்பில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் எண்ணெயை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எத்தனை புதிதாகப் போட்டாலும் கசிவு நிற்காது. நான் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சுற்றிலும் கொஞ்சமாக அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து வால்வின் உடலைக் கையாலேயே பிடித்து இடம் வலமாகச் சின்னச் சின்னதாகத் திருப்பினேன். மேலே இழுப்பது கிடையாது, திருப்புவது மட்டும். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பழைய ஓ-ரிங் காய்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் சளக்கென்று விட்டது. வால்வு வெளியே வந்தது, கூடவே இரண்டு ஸ்பூன் கறுப்பு எண்ணெய்.

துளையை உடனே துணியால் மூடினேன். எந்தத் துணி என்பது முக்கியம். எங்கள் பக்கத்துப் பட்டறை எல்லாவற்றிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் புழங்கும். கை துடைக்க அதைவிட நல்லது வேறு இல்லை. ஆனால் அது நூல் விடும். முடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடும் அச்சு இது, ஒரு நூல் இழை போனால் போதும். நான் அப்பாவின் பழைய வேட்டியில், துவைத்துத் துவைத்து நைந்த ஒரு துண்டைக் கிழித்து வைத்திருந்தேன்.

கழற்றிய வால்வைப் பார்த்தால் அச்சு இருக்கும் பகுதி முழுக்க தேன் நிறத்தில் ஒரு படலம், வார்னிஷ் அடித்தது மாதிரி. எண்ணெய் புகும் இடத்தில் நுண்ணிய கம்பி வலை, அதில் காபித் தூள் போலக் கறுப்புப் பொடி. வலை கிழியாமல் முழுசாக இருந்ததில் நிம்மதி. கிழிந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தேடாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

மத்தியானம் அந்த வால்வை ஒரு கவரில் போட்டுக்கொண்டு காங்கயம் கடைவீதியில் காயில் கட்டும் அண்ணன் கடைக்குப் போனேன். கிணற்று மோட்டார் காயில் கருகினால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் போகும் கடை. கொங்கு நாட்டில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கடை இருக்கும். செம்புக் கம்பியும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை எனக்குச் சின்ன வயசிலிருந்தே பிடிக்கும். காரில் இருக்கும் இந்தச் சாமானை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த உடனே, "இது ஒரு காயில், அதுக்குள்ள ஒரு இரும்பு. நம்ம சமாச்சாரந்தானுங்க தம்பி" என்றார்.

மல்டிமீட்டர் வைத்தார். 7.4 ஓம். பல வண்டிகளுக்கு இது 7-க்கும் 8-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். பாடிக்கு மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அப்புறம் 12 வோல்ட் பேட்டரியை ஒரு விநாடி தொட்டு எடுத்தார். அதற்கு மேல் பிடித்தால் காயில் சூடாகிவிடும் என்று அவரே சொன்னார். நல்ல வால்வு என்றால் டக்கென்று அச்சு முழுதாக நகர்ந்து, எடுத்ததும் டக்கென்று திரும்ப வேண்டும். இது பாதி வரை போனது. பேட்டரியை எடுத்த பிறகும் அங்கேயே நின்றது.

"காயில் நல்லா இருக்குதுங்க. சீக்கு அச்சுலதான்."

ஒரு மனிதர் தனக்குப் பழக்கமில்லாத பொருளில் தன் தொழிலின் ஒரு பகுதியை அடையாளம் கண்டு இப்படி நேராகத் தீர்ப்புச் சொல்வதைப் பார்ப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். அவர் காசு வாங்கவில்லை.

கார்ப் கிளீனர் அடித்து, ஒரு மூங்கில் குச்சியால் அச்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். படலம் கரைந்து அச்சு ஓடத் தொடங்கியது. பத்து முறை தள்ளினால் எட்டு முறை முழுதாகத் திரும்பியது, இரண்டு முறை தயங்கியது. சுத்தம் செய்தே போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. அவசரத்துக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இரண்டு முறை தயங்கியது மனசை விட்டுப் போகவில்லை. புதிது வாங்குவதென்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுக் கோவை பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டி சூலூர் வரும்போது எப்போதும் கலங்கல் நினைவுக்கு வரும். ஜி.டி.நாயுடு 1893-ல் பிறந்த ஊர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதே வண்டியை வாங்கிப் பிரித்துக் கோர்த்தார் என்ற கதையைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க மாட்டார்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டார்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்பார்கள். காயில் கட்டும் அண்ணனின் கடையும் அந்த வழியில் வந்ததுதான் என்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

உதிரிபாகக் கடையில் பழைய வால்வையும் சேஸிஸ் நம்பரையும் கொடுத்தேன். வண்டிப் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு விதமான வால்வு போட்ட வருஷங்கள் உண்டு, சாக்கெட் ஒன்றுபோலவே இருக்கும், அச்சில் எண்ணெய் போகும் பள்ளங்கள் மாறியிருக்கும். பாதி விலைக்கு ஒன்றும் காட்டினார்கள். பழையதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வலையின் கண் பெரிதாக இருந்தது, ஓ-ரிங்கில் அச்சு வார்த்த பிசிர் இருந்தது. அதைத் தொடவில்லை. கம்பெனிச் சாமான் 3,150 ரூபாய். கூடவே ஆயில் ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்கு வாஷர், 5டபிள்யூ-30 எண்ணெய் நாலு லிட்டர். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். 2020-ல் வந்த தரம் அது, டைமிங் செயின் தேய்மானத்துக்கான சோதனையும் அதில் உண்டு.

கெட்டியான எண்ணெய் நல்லது என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பழைய ஜீப்புக்கும் டிராக்டருக்கும் அது சரியாக இருந்திருக்கலாம். மடை திருப்பும் வேலை எண்ணெயிடம் இருக்கும் இன்ஜினில், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே அந்தக் குறுகிய வழிகளில் எண்ணெய் ஓடிப் போய்ச் சேர வேண்டும். கையேட்டில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை, மறுபடியும் ஆறு மணி. மாட்டுவது கழற்றுவதில் கால்வாசி வேலைதான். துளையின் உள்சுவரை வேட்டித் துணியால் துடைத்தேன். பழைய ஓ-ரிங்கின் துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். புது ஓ-ரிங்கில் புது எண்ணெய் தடவி, வால்வைக் கையால் லேசாகத் திருப்பிக்கொண்டே உள்ளே அழுத்தினேன். கையாலேயே முழுதாக உட்கார வேண்டும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் ஓ-ரிங் அறுந்துவிடும். போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், சின்ன ஸ்பேனரின் கழுத்தைப் பிடித்து மணிக்கட்டால் இறுக்கும் இறுக்கம். அலுமினியத்தில் மரை போய்விட்டால் லேத்துக்குத்தான் போக வேண்டும். சாக்கெட் டிக்கென்று பூட்டியது.

அப்புறம் பழைய எண்ணெயை இறக்கினேன். மூன்றரை லிட்டர் போக வேண்டிய இன்ஜினிலிருந்து தார் மாதிரி இறங்கியது. அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, ஒரு குச்சியை அதில் தொட்டு மோந்து பார்த்தார்.

"பெட்ரோல் வாசம் அடிக்குது" என்றார்.

அவர் சொன்னது சரி. அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன்.

என் வீட்டிலிருந்து மில் 3 கிலோமீட்டர். காலையில் போய், மத்தியானம் சாப்பிட வந்து, திரும்பப் போய், ராத்திரி வருகிறேன். நாலு நடை, 12 கிலோமீட்டர். ஒவ்வொரு நடைக்கும் பத்து நிமிஷம். தூரப் பயணத்துக்குப் பெரும்பாலும் தம்பியின் வண்டிதான். வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 3,600 கிலோமீட்டர், ஓடிய நேரம் 200 மணி. 9,500 கிலோமீட்டர் என்பது இரண்டு வருஷம் எட்டு மாசம், 500 மணி நேரத்துக்கும் மேல். நாமக்கல் பக்கம் லோடு அடிக்கும் ஒரு வண்டி நெடுஞ்சாலையில் அதே 9,500 கிலோமீட்டரை 200 மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அந்த இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடும், எண்ணெயில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். என்னுடையது சூடாவதற்குள் மில் வந்துவிடும். ஈரமும் பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கித் தங்கிச் சேறாகும், படலமாகும். அந்தச் சேறுதான் மடையை அடைத்தது. கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். குறைந்த தூரமே அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்குத் தனி அட்டவணை இருந்தது. 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாசம், எது முன்னால் வருகிறதோ அது. நான் ஸ்டிக்கரை மட்டும் பார்த்திருந்தேன்.

அப்பா இதை எந்த அட்டவணையும் இல்லாமல் தெரிந்து வைத்திருந்தவர். கரண்ட் வருவதற்கு முன்னால் எங்கள் கிணற்றில் ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. டப்டப்பென்று அது ஓடும் சத்தத்தில்தான் நானும் தம்பியும் தூங்குவோம் என்று அம்மா சொல்வார். அந்த இன்ஜினுக்கு மீட்டர் கிடையாது. தண்ணீர் கட்டும் நாளில் ஐந்து மணி நேரம் ஓடும். நிறுத்திய உடனே அப்பா அடுப்புக் கரியால் சுவரில் ஒரு கோடு போடுவார். ஐம்பது கோடு ஆனால் எண்ணெய் மாற்றுவார். 250 மணி நேரம். அந்த இன்ஜினை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, அந்த அறை இப்போது மோட்டார் ரூம், சுவருக்கு இரண்டு முறை சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. ஆனாலும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரியும்.

புது எண்ணெய், புது ஃபில்டர், பேட்டரி இணைப்பு. கோட் அழித்தேன். ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கடகடப்பு ஒரு விநாடி கேட்டது. வயிற்றைப் பிசைந்தது. எண்ணெய் போய்ச் சேர நேரம் ஆகும் என்று தெரிந்தாலும் அந்த ஒரு விநாடி நீளம். அப்புறம் நின்றது. ஐட்லிங் 750 சுற்றில் அசையாமல் நின்றது. மகள் ஸ்டீயரிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலைப்பா" என்றாள். வால்வின் கீழே காகிதம் வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தோம், ஒரு சொட்டு இல்லை.

மாலையில் ஊதியூர் வரை போய் வந்தேன். எதிர்க்காற்று அப்படியேதான் இருந்தது. மூன்றாவது கியரில் மிதித்ததும் வண்டி எழும்பியது.

ஃப்ளஷ் ஊற்றிக் கழுவச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள். நான் செய்யவில்லை. இத்தனை சேறு இருக்கும் இன்ஜினில் மொத்தமாகக் கிளப்பிவிட்டால் அது போய், இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்புக்குள் இருக்கும் பம்ப் வலையை அடைக்கும் என்ற பயம் எனக்கு. புது எண்ணெயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கட்டும் என்று விட்டு, 1,500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றினேன். தார் மாதிரி இல்லை, ஆனாலும் நல்ல கறுப்பு. இது வரை விளக்கு எரியவில்லை. நாளைக்கே அது திரும்ப எரிந்து, காலைச் சத்தமும் நீண்டு, பி0016 என்று கிராங்கும் கேமும் ஒத்துப்போகாத கோட் வந்தால் செயினைத் திறக்கத்தான் வேண்டும். அப்போது 28,000 சொன்னவர்களிடமே போகவும் எனக்குத் தயக்கம் இருக்காது.

இரண்டாவது முறை எண்ணெய் மாற்றிய அன்றைக்குப் பழைய எண்ணெயை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வேலிக் கம்பங்களில் கரையான் ஏறாமல் இருக்க அப்பா அதைத்தான் பூசுவார். கிணற்றுப் பக்கம் ஒரு சொட்டு விழ விடமாட்டார். மோட்டார் ரூமில் கேனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரித்துண்டு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுது உன்ற வண்டி?"

"நாப்பது நிமிசங்கப்பா."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப வாரத்துக்கு ஒரு கோடு" என்று சொல்லிவிட்டுக் கரியை என் கையில் கொடுத்தார். பழைய கோடுகளுக்குக் கீழே, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த இடத்தில் தேதியை எழுதி முதல் கோட்டைப் போட்டேன். இன்று காலையில் எண்ணிப் பார்த்தேன், பதினேழு ஆகியிருக்கிறது.